எத்தீம் சொத்தும் சுரங்கக் கம்பெனிப் பங்கும்

 



சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து மக்கள் கலைந்தபின், எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் என்னிடம் வந்து உட்கார்ந்தார். அவருடைய தம்பி தம்மாமில் வேலை செய்துகொண்டிருந்தபோது நோய்வாய்ப்பட்டு வஃபாத்தாகிவிட்டார். மர்ஹூம் அவர்கள் தம் இறுதி நாட்களில், "என் பிள்ளைகளின் சொத்துக்கு நீங்கள்தான் பொறுப்பு" என்று அண்ணனையே வஸீயாக நியமித்துச் சென்றார். வேலை செய்த இடத்திலிருந்து வந்த சர்வீஸ் பணத்தில் கடனை அடைத்து, மனைவியின் எட்டில் ஒரு பங்கைப் பிரித்துக் கொடுத்தது போக, பிள்ளைகள் இருவருக்குமாக 9 லட்ச ரூபாய் நிற்கிறது. பையன் பதினோராம் வகுப்பில் வணிகப் பிரிவு படிக்கிறான். பெண் பிள்ளைக்குப் பதினொரு வயது.

பெரியவரின் மருமகன் சென்னையில் இருக்கிறார். கைபேசியிலேயே வெளிநாட்டுக் கம்பெனிப் பங்குகளை வாங்கி விற்பவர். அவர் ஒரு சுரங்கக் கம்பெனியைக் காட்டியிருக்கிறார். மின்சாரக் கார்களுக்கும் காற்றாலைகளுக்கும் போர் விமானங்களுக்கும் இன்றியமையாத கனிமத்தைத் தோண்டப் போகும் கம்பெனியாம். அமெரிக்காவும் சீனாவும் இதற்காகவே மல்லுக்கு நிற்கின்றனவாம். இன்று வாங்கிப் போட்டால் மூன்று வருடத்தில் பத்து மடங்கு ஆகுமாம்!

"ஹஜ்ரத், இது ஹலாலா, ஹராமா? ஒரே வார்த்தையில் சொல்லிவிடுங்கள்" என்றார் பெரியவர்.

ஒரே வார்த்தையில் சொல்ல என்னால் முடியவில்லை. நான் தயங்குவதைக் கண்டு அவர் தம் மனக்கவலையைக் கொட்டிவிட்டார். "நாங்கள் ஷாபிஈ. எத்தீம் சொத்துக்கும் ஜகாத் கொடுக்க வேண்டும். வருடத்துக்கு 22,500 ரூபாய் இதிலிருந்து போகிறது. பேங்க் வட்டியைத் தொட மாட்டேன். பையன் பருவமடைந்து கையில் வாங்கும்போது பணம் தேய்ந்து போயிருந்தால் என் தம்பிக்கு நாளை மறுமையில் நான் என்ன பதில் சொல்வேன்?"

இந்தக் கவலையைப் பேராசை என்று எண்ணிவிடக் கூடாது. ஹனபி மத்ஹபில் பருவமடையாதவரின் ரொக்கப் பணத்துக்கு ஜகாத் இல்லை. ஷாபிஈ மத்ஹபில் உண்டு. எத்தீம்களின் பொருளை ஜகாத்தே தின்று தீர்த்துவிடாதபடி அதை வியாபாரத்தில் ஈடுபடுத்துமாறு ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஏவியதாக ரிவாயத் வந்திருக்கிறது. ஆகவே பணத்தைப் பெருக்க நினைத்தது குற்றமல்ல, நன்மையே. ஆனால் அதே எத்தீம் சொத்தை மிக அழகிய முறையில் அல்லாமல் நெருங்கவே வேண்டாம் என்று அல்லாஹு தஆலா ஸூரா பனீ இஸ்ராயீலில் எச்சரிக்கிறான். உமர் (ரலி) அவர்களின் ஏவலையும் இந்த எச்சரிக்கையையும் சேர்த்து வைத்துக்கொண்டுதான் அந்தக் கம்பெனியை நாம் பார்க்க வேண்டும்.

முதலில் பொருளைப் பார்ப்போம். அருமண் உலோகங்கள் என்று சொல்லப்படும் பதினேழு தனிமங்களில் நியோடிமியம், பிரசியோடிமியம் என்னும் இரண்டைக் கொண்டு மிக வலிமையான காந்தம் செய்கிறார்கள். குளச்சல், மணவாளக்குறிச்சிப் பக்கத்து வாசகர்களுக்கு இது புதிதல்ல. அவர்களுடைய கடற்கரை மணலில் உள்ள மோனசைட்டில் இருப்பதும் இந்த இனம்தான். (அங்கே மணல் எடுக்கும் ஆலை மத்திய அரசுக்குச் சொந்தமானது.) பூமியில் உள்ளவை அனைத்தையும் அல்லாஹ் மனிதனுக்காகவே படைத்திருக்கிறான். ஆகவே தோண்டுவதும் விற்பதும் ஆகுமான தொழிலே. சுரங்கப் பொருளுக்கென்று கிதாபுகளில் தனி பாபே இருக்கிறது: உருக்கத்தக்க உலோகங்களில் ஐந்தில் ஒன்று என்கிறார்கள் ஹனபி இமாம்கள், தங்கம், வெள்ளி சுரங்கத்துக்கு மட்டும் நாற்பதில் ஒன்று என்கிறார்கள் ஷாபிஈ இமாம்கள்.

"அப்படியானால் ஹலால்தானே?" என்று கேட்கத் தோன்றும். அரிசியும் ஹலால்தான்; அதற்காக அளக்காத மூட்டையைக் கண்ணை மூடிக்கொண்டு எத்தீம் பணத்தில் வாங்கலாமா?

இந்த இடத்தில் அபூதாவூது, திர்மிதீ ஆகிய கிதாபுகளில் வரும் ஒரு சம்பவத்தை நினைவுகூர வேண்டும். யமன் நாட்டு மஃரிபிலிருந்து அப்யள் இப்னு ஹம்மால் (ரலி) அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, தம் ஊரில் உள்ள உப்புப் படுகையைத் தமக்குத் தருமாறு வேண்டினார்கள். நாயகம் (ஸல்) அவர்களும் கொடுத்துவிட்டார்கள். அவர் திரும்பிச் சென்றதும் சபையிலிருந்த ஒருவர், அது வற்றாத ஊற்றுநீரைப் போன்றதாயிற்றே என்று எடுத்துரைத்தார். உடனே நாயகம் (ஸல்) அவர்கள் அதைத் திரும்ப வாங்கிக் கொண்டார்கள். இறைத்தூதர் அவர்களே, நிலத்தின் உண்மை நிலை தெரியவந்ததும் முன் செய்ததை மாற்றினார்கள் என்பதைக் கவனியுங்கள்! பின்னால் வந்த புகஹாக்கள் சுரங்கத்தை வெளிப்படையானது, மறைவானது என்று இரண்டாகப் பிரித்தார்கள். உப்பைப் போல் பார்த்த மாத்திரத்தில் அள்ளக்கூடியது முதல் வகை. பாடுபட்டுச் செலவழித்துத் தோண்டிப் பிரித்தால்தான் கிடைக்கும் என்பது இரண்டாம் வகை. அருமண் இந்த இரண்டாம் வகையிலும் கடினமானது. பாறையைப் பொடித்து, அமிலத்தில் கரைத்து, ஒன்றோடொன்று ஒட்டிப் பிறந்த இரட்டையர்களைப் போன்ற உலோகங்களைப் படிப்படியாகப் பிரிக்க வேண்டும். பூமிக்குள் இருக்கிறது என்பது வேறு. விற்கும் பொருளாகக் கைக்கு வந்தது என்பது வேறு.

சுரங்கத் தொழிலில் இருப்பவர்களும் இந்த வித்தியாசத்தை அறிந்தே இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 1989 முதல் ஜோர்க் என்னும் விதித்தொகுப்பு இருக்கிறது. அதன்படி, சில இடங்களில் துளையிட்டுப் பார்த்து "இவ்வளவு இருக்கக்கூடும்" என்று ஊகித்த அளவு ஒன்று. இன்னும் நெருக்கமாகத் துளையிட்டு உறுதியாக்கிய அளவு ஒன்று. இவை கனிம வளம் எனப்படும். விலை, கூலி, அனுமதி எல்லாவற்றையும் கணக்கிட்டு, லாபமாக எடுக்க முடியும் என்று காட்டிய பகுதிக்குத்தான் கனிம இருப்பு என்று பெயர். வெறும் ஊக அளவை இருப்பு என்று சொல்லக் கூடாது. ஆனால் விளம்பரங்களில் பெரிய எழுத்தில் வருவது பெரும்பாலும் அந்த ஊக அளவுதான்!

ஊகத்தை நம்பியவர்கள் பட்ட பாட்டுக்கு உலகம் அறிந்த ஒரு சாட்சி, கனடாவின் பிரி-எக்ஸ் கம்பெனி. இந்தோனேசியாவின் புசாங் காட்டில் தங்க மலையையே கண்டுவிட்டதாகச் சொன்னது. பங்கு விலை வானத்தைத் தொட்டது. 1997இல் வேறு நிபுணர்கள் சோதித்தபோது, மாதிரிப் பாறைப் பொடியில் வெளியிலிருந்து தங்கத்தூள் கலக்கப்பட்டிருந்தது தெரிந்தது. கம்பெனி மண்ணோடு மண்ணாயிற்று.

பழம் பக்குவமாகும் முன் மரத்திலேயே விற்பதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அல்லாஹ் அந்தப் பழத்தைத் தராமல் தடுத்துவிட்டால், எதற்குப் பகரமாகச் சகோதரனின் பொருளை எடுத்துக்கொள்வாய் என்ற கருத்தில் கேட்டார்கள். கம்பெனிப் பங்கு வாங்குவது அந்த விற்பனையேதான் என்று நான் சொல்லவில்லை. பங்கு என்பது ஷிர்கத், அதாவது கூட்டு. கூட்டுச் சேர்ந்து கிணறு தோண்டுபவர்களுக்குத் தண்ணீர் கிடைக்காமலும் போகலாம். அதற்காகக் கூட்டு ஹராமாகாது. ஆயினும் நாயகம் (ஸல்) அவர்கள் கேட்ட அந்தக் கேள்வியை வாங்குகிறவர் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

இன்னொரு மஸ்அலாவும் உண்டு. இதை எடுத்துச் சொல்வோர் குறைவு. இன்னும் தோண்ட ஆரம்பிக்காத கம்பெனியிடம் என்ன இருக்கிறது? லைசென்ஸ் காகிதமும், பங்குதாரர்களிடம் வாங்கி பேங்கில் போட்ட பணமும்தான். ஒரு கம்பெனியின் சொத்து முழுவதும் ரொக்கமாகவே இருந்தால் அதன் பங்கை விற்பது பணத்துக்குப் பணம் விற்பதாகிவிடும். கூடுதல் குறைவாக விற்க முடியாது என்று இக்கால உலமாக்கள் எழுதியிருக்கிறார்கள். இயந்திரம், கட்டடம், தோண்டிய தாது என்று பொருள் வந்தபின்தான் சந்தை விலையில் வாங்கி விற்கும் பேச்சு. ஆகையால், "சின்னக் கம்பெனி, மலிவு விலை" என்று சொல்லப்படும் இடத்திலேயே ஷரீஅத்தின் சிக்கல் அதிகம்.

சரி, உண்மையாகவே தாது இருக்கும் சுரங்கமானால்? பெரியவரிடம் நான் இந்த வரலாற்றைத்தான் விரிவாகச் சொன்னேன். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் மொஹாவி பாலைவனத்தில் மவுண்டன் பாஸ் என்று ஓர் இடம். 1949இல் அங்கே அருமண் தாது கண்டுபிடிக்கப்பட்டது. பல்லாண்டுகள் உலகத்துக்கே கொடுத்த சுரங்கம் அது. கழிவுநீர்க் குழாய் உடைந்து பாலைவனத்தில் கசிந்த விவகாரத்தால் 1998இல் பிரித்தெடுக்கும் வேலை நின்றது. சீனாவின் மலிவு விலையும் சேர்ந்துகொள்ள, 2002இல் சுரங்கமே மூடப்பட்டது.

பிறகு மோலிகார்ப் என்னும் கம்பெனி அதைக் கையில் எடுத்தது. 2010 ஜூலையில் பங்கு ஒன்று 14 டாலருக்கு வெளியிடப்பட்டது. அந்த வருடம் செப்டம்பரில் சீனாவுக்கும் ஜப்பானுக்கும் கடலில் தகராறு மூண்டு, ஜப்பானுக்குச் செல்லும் அருமண் தடைபட்டது. விலைகள் துள்ளின. 2011 மே மாதத்தில் அதே பங்கு 70 டாலரைத் தாண்டியது. "இனி விலை இறங்காது, உலகத்துக்கே வேண்டிய பொருள்" என்று அன்றும் சொன்னார்கள். இன்று பெரியவரின் மருமகன் சொல்வதும் ஏறத்தாழ அதே வார்த்தைதான்.

நடந்தது என்ன? விலை ஏறியதும் வாங்குவோர் சிக்கனம் பிடித்தார்கள்; விலை விழுந்தது. மோலிகார்ப்போ ஆலை கட்டவும், இன்னொரு கம்பெனியை வாங்கவும் வட்டிக் கடனை மேன்மேலும் ஏற்றிக் கொண்டிருந்தது. கடன் சுமார் 170 கோடி டாலர்! தாது விலை விழுந்தது, வட்டி விழவில்லை. 2015 ஜூனில் கம்பெனி திவால் மனு போட்டது. பங்குதாரர்களின் பங்கு முடிவில் ஒன்றுமில்லாமல் போயிற்று. 2017இல் அந்தச் சுரங்கம் ஏலத்தில் 2 கோடியே 5 லட்சம் டாலருக்குப் போனது. தாது பூமிக்குள் இருந்த இடத்திலேயே இருந்தது, சகோதரர்களே! ஒரு கூடை கூடக் குறையவில்லை. வட்டிதான் அழித்தது. அல்லாஹ் வட்டியை அழிப்பான் என்று நாம் ஓதுகிறோமே, அதன் பொருளை அந்தப் பாலைவனத்தில் போய்ப் பார்க்கலாம்.

ஏலத்தில் எடுத்தவர்களின் கம்பெனி எம்பி மெட்டீரியல்ஸ் என்ற பெயரில் 2020 முதல் பங்குச் சந்தையில் இருக்கிறது. இது உண்மையில் தோண்டுகிற கம்பெனி. இதன் கணக்கையும் பாருங்கள். 2022இல் விற்பனை வருமானம் 52 கோடி டாலருக்கு மேல். 2023இல் 25 கோடி. 2024இல் 20 கோடி சொச்சம். அந்த வருடம் நஷ்டம் 6 கோடியே 50 லட்சத்துக்கும் அதிகம். தோண்டியது குறைந்ததா என்றால் இல்லை. 2024இல் எடுத்த அருமண் அதற்கு முன் எந்த வருடமும் இல்லாத அளவு, 45,000 டன்னுக்கு மேல். விலை விழுந்ததுதான் காரணம். அந்த விலையை நிர்ணயிப்பது சீனா. உலகில் அருமண்ணைப் பிரித்துச் சுத்தம் செய்யும் வேலையில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு அங்கேதான் நடக்கிறது. 2025 வரை இந்த அமெரிக்கச் சுரங்கத்தின் தாதுவையே பெரும்பாலும் சீனக் கம்பெனிதான் வாங்கிக் கொண்டிருந்தது. ஆகவே இத்தகைய பங்கை எடை போடுபவர், சுரங்கத்தில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால் மட்டும் போதாது. யார் பிரிக்கிறார், யார் வாங்குகிறார், விலை யார் கையில் இருக்கிறது என்றும் கேட்க வேண்டும்.

2025 ஏப்ரலில் சீனா ஏழு அருமண் உலோகங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. ஜூலையில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை இந்தக் கம்பெனியில் 40 கோடி டாலருக்கு முன்னுரிமைப் பங்கு வாங்கியது. ஒரு கிலோவுக்கு 110 டாலருக்குக் குறையாத விலைக்குப் பத்தாண்டு உத்தரவாதமும் கொடுத்தது. உலகக் கண்ணோட்டத்தில் இது பலம். ஆனால் நம் கண்ணுக்கு இங்கே ஒரு நெருடல் உண்டு. லாபத்தில் முன்னுரிமை தரும் பங்கையே உலமாக்களில் பெரும்பாலோர் ஆகுமாக்குவதில்லை. அத்தோடு, கூட்டாளி யார் என்று பார்க்காமல் கூட்டுச் சேரலாமா? அந்தக் காந்தம் காரிலும் போகும், ஏவுகணையிலும் போகும். அந்த ஏவுகணை எந்த ஊரின் மீது விழும் என்பதை இன்றைய செய்திகளைப் படிக்கிறவர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இது ஃபத்வா அல்ல. என் மனதில் உறுத்துவதைச் சொன்னேன். காந்தம் செய்கிறவனுக்கும் போர் செய்கிறவனுக்கும் இடையே பல கைகள் இருக்கின்றன என்று வாதிக்கும் ஆலிம்களும் உண்டு.

வட்டி விஷயத்தில் அளவுகோல் ஒன்றை இக்கால அறிஞர்கள் வகுத்திருக்கிறார்கள். பஹ்ரைனில் உள்ள இஸ்லாமிய நிதி அமைப்பின் விதிப்படி, கம்பெனியின் வட்டிக் கடன் அதன் சந்தை மதிப்பில் நூற்றுக்கு 30ஐத் தாண்டக் கூடாது. வட்டிக்குப் போட்ட பணமும் அப்படியே. ஆகாத வருமானம் நூற்றுக்கு 5ஐத் தாண்டக் கூடாது. அந்த ஐந்துக்குள் வந்ததையும் கணக்கிட்டு வெளியேற்றிவிட வேண்டும். மலேசியாவில் மொத்தச் சொத்தை வைத்து 33 என்று கணக்கிடுகிறார்கள். இந்தச் சலுகையையே ஏற்காத உலமாக்களும் இருக்கிறார்கள். சலுகையை ஏற்றாலும் சுரங்கக் கம்பெனியில் ஒரு சூட்சுமம் உண்டு. தாது விலை விழுந்து விற்பனை வருமானம் பாதியானால், பேங்கில் கிடக்கும் பணத்தின் வட்டி அப்படியே இருப்பதால், யாரும் ஒன்றும் செய்யாமலே அந்த ஐந்து பத்தாகிவிடும். போன வருடம் தேறிய கம்பெனி இந்த வருடம் தேறாது. சந்தை மதிப்பு சரிந்தால் அந்த முப்பதும் அப்படித்தான். ஒரு தடவை ஹலால் என்று கேட்டுக்கொண்டு பத்து வருடம் வைத்திருக்க இது காணி நிலம் அல்ல.

இவ்வளவும் கேட்ட பெரியவர், "அப்படியானால் யாருமே வாங்கக் கூடாதா?" என்றார். அப்படி நான் சொல்ல மாட்டேன். தம் சொந்தப் பணத்தில், குடும்பச் செலவும் கடனும் ஜகாத்தும் போக மிஞ்சியதில், தோண்டி விற்கும் கம்பெனியாகப் பார்த்து, கடன் அளவை வருடா வருடம் சோதித்து, இழந்தாலும் தாங்கக்கூடிய தொகையை ஒருவர் போட்டால் அது அவர் விருப்பம். வஸீயின் நிலை வேறு. அவர் கையில் இருப்பது அமானத்து. எத்தீமுக்கு நலன் தெளிவாகத் தெரிகிற காரியத்தை மட்டுமே அவர் செய்யலாம். போதுமான வருமானம் வருமானால், வியாபாரத்தைவிட அசையாச் சொத்து வாங்குவதே மேல் என்று நம் ஷாபிஈ கிதாபுகளில் எழுதியிருக்கிறது. பத்து மடங்கு ஆகலாம் என்பது நலன் அல்ல, ஆசை. மோலிகார்ப்பை 70 டாலருக்கு வாங்கியவர்களிடமும் இதே ஆசைதான் இருந்தது.

பெரியவர் முகம் வாடிவிட்டது. மருமகனிடம் எப்படிச் சொல்வது என்ற சங்கடமும் அதில் இருந்திருக்கலாம். அப்போது எனக்கு ஸூரத்துன் னிஸாவின் இன்னொரு கட்டளை நினைவுக்கு வந்தது. எத்தீம்கள் பருவமடையும் வரை அவர்களைச் சோதித்துப் பாருங்கள் என்கிறான் அல்லாஹு தஆலா. கொடுக்கல் வாங்கலில் பழக்கிப் பார்ப்பதும் அந்தச் சோதனையில் அடங்கும் என்று இமாம்கள் விளக்கம் எழுதியிருக்கிறார்கள். "பையன் வணிகப் பிரிவுதானே படிக்கிறான்? மருமகன் காட்டிய கம்பெனியின் வருடக் கணக்கை அவனிடமே கொடுங்கள். மூன்று விஷயம் மட்டும் பார்த்து வரச் சொல்லுங்கள்: கடன் எவ்வளவு, தோண்டச் செலவழித்தது எவ்வளவு, வருமானம் எங்கிருந்து வருகிறது?" என்று சொல்லி அனுப்பினேன்.

அடுத்த வாரம் இருவரும் வந்தார்கள். பையன் கணக்கைத் தாளில் அச்செடுத்து, பென்சிலால் கோடிட்டுக் கொண்டு வந்திருந்தான். கடன் இல்லை என்றான். பெரியவர் முகம் மலர்ந்தது. "ஆனால் பெரியத்தா, துளையிட்ட செலவைவிட டைரக்டர் சம்பளமும் ஆபீஸ் செலவும் அதிகமாக இருக்கிறது" என்றான். பிறகு கடைசித் தாளைத் திருப்பினான். "வருமானம் என்ற தலைப்பில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. ஹஜ்ரத், நீங்களே பாருங்கள்" என்று என் முன்னால் நீட்டினான்.

பேங்க் வட்டி. வேறு வருமானமே இல்லை.

பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வரியை இரண்டு தடவை படித்தார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், மருமகனுக்குக் காட்டுவதற்காக. கடைவீதிக்குப் பின்னால் சிறிய கடை ஒன்று விலைக்கு வருவதாகவும், வாடகைக்கு ஆள் இருப்பதாகவும், பத்திரத்தை வக்கீலிடம் காட்டிவிட்டு மேற்கொண்டு பேசப் போவதாகவும் சொன்னார். வில்லங்கச் சான்று எடுக்க அடுத்த திங்கட்கிழமை பையனும் கூடப் போகிறானாம்.